வனத்திற்கு வகுத்த பங்கு: பதினான்காவது நிதிக் கமிஷனின் ஒரு சிபாரிசைப் பற்றி

2015-ஆம் ஆண்டு முதல் ஐந்தாண்டுக் காலத்திற்கு மத்திய வரி வருவாயில் மாநிலங்களுக்குரிய பங்கை வகுத்த பதினான்காவது நிதிக் கமிஷன், அப்பங்கீட்டில் வனப்பரப்புக்கு 7.5 சதவீத மதிப்பளித்ததை, பருவநிலை மாற்றத்தைத் தணிக்கும் பொருட்டு ஒரு பெரிய தேசம் தன் மாநிலங்களுக்கு வழங்கிய ஊக்கத்தொகை என்று கொள்வது இத்துறையில் எழுதுவோரிடையே ஏறக்குறைய விவாதத்திற்கு அப்பாற்பட்ட அபிப்பிராயமாகிவிட்டது. அந்தச் சிபாரிசை அது இடம்பெற்ற அத்தியாயத்தோடும், கணக்கிடப்பட்ட முறையோடும், அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே இயற்றப்பட்ட வனப் பாதுகாப்புச் சட்டத்தோடும் இணைத்து வாசிப்போமாயின், அது ஊக்கத்தொகையாக அன்றி, மாநிலங்கள் அடைந்த இழப்புக்கான ஈடாகவே வகுக்கப்பட்டதென்பது புலனாகும் என்று கருதுகிறேன். பணம் யாருக்குச் சேரவேண்டும், அதன் பயனை எவ்வாறு அளக்கவேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இந்த நிர்ணயத்தைப் பொறுத்தே அமைகிறது.

ஊக்கத்தொகை என்போர் ஆதாரமில்லாமல் பேசவில்லை. சூழலியலையும் சுற்றுச்சூழலையும் பருவநிலை மாற்றத்தையும் பொருளாதார வளர்ச்சியோடு இசைவித்துப் பார்க்கும்படி கமிஷனுக்கு விதிக்கப்பட்ட ஆய்வு வரம்பிலேயே கூறப்பட்டிருந்தது. 2014-15-ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை இந்தச் சிபாரிசைப் பசுமை நடவடிக்கைகளின் வரிசையில் வைத்துப் பாராட்டியது. பாரிஸ் மகாநாட்டுக்கு முன்பாக 2015 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபைக்கு இந்திய சர்க்கார் சமர்ப்பித்த உறுதிமொழி, 2030-க்குள் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவுக்கு நிகரான அளவைக் கூடுதலாக மரங்களில் தேக்கிவைப்பதாகச் சொன்னபோது, இதனையும் தேசத்தின் முயற்சிகளில் ஒன்றாக எடுத்துக்காட்டிற்று. ஆனால், ஒரு கமிஷன் செய்த காரியத்தின் தாத்பரியத்தை, அதனை ஏற்றுக்கொண்ட சர்க்கார் பிற்பாடு சர்வதேச சபையில் எடுத்துரைத்த விதத்தைக்கொண்டு நிச்சயிப்பது ஆராய்ச்சி முறையாகாது. கமிஷனின் வாசகமே நமக்குப் பிரமாணம்.

அந்த வாசகம் வரிப் பங்கீட்டைப் பற்றிய எட்டாவது அத்தியாயத்தில் இருக்கிறது, மிகவும் சுருக்கமானது. வனங்கள் பெரும் சூழலியல் நன்மைகளைத் தருகின்றன என்று முதலில் ஒப்புக்கொண்டு, வனமாக நிற்கும் நிலம் வேறு பொருளாதாரக் காரியங்களுக்குக் கிடைக்காமற்போவதால் ஒரு மாநிலம் இழக்கும் ஆதாயமும் உண்டென்று தொடர்ந்து, ஆகையால் வனப்பரப்பு ஒரு மாநிலத்தின் நிதிக் குறைபாட்டைக் காட்டும் முக்கியமான அடையாளம் என்று முடிகிறது அதன் கருத்து. முந்தைய ஆய்வாளர்கள் இதன் முதற்பகுதியை எடுத்துக்கொண்டு, முடிவுக்குக் காரணமாக நிற்கும் பிற்பகுதியைக் கைவிட்டுவிட்டார்கள். சூழலியல் நன்மை என்பது இங்கே முன்னுரையாகவே வருகிறது. வனப்பரப்பைப் பங்கீட்டில் சேர்ப்பதற்குக் காட்டப்பட்ட நியாயம் மாநிலத்தின் குறைபாடுதான். இனி வரப்போகும் மாநில சர்க்கார்கள் மரம் வளர்க்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்த நியாயத்தில் ஓர் அங்கமாகக்கூட இல்லை.

வனப்பரப்போடு அதே அட்டவணையில் வைக்கப்பட்ட மற்ற அளவுகோல்களையும் கவனித்தல் வேண்டும். 1971-ஆம் ஆண்டு ஜனத்தொகைக்கு 17.5, அதன்பின் நேர்ந்த ஜனத்தொகை மாறுதலைக் காட்டும் 2011-ஆம் ஆண்டுக் கணக்குக்கு 10, வருமான இடைவெளிக்கு 50, நிலப்பரப்புக்கு 15 சதவீதம் என அமைந்த அவை யாவும் ஒரு மாநிலத்தின் தேவையையோ இயலாமையையோ அளப்பவை; எவையும் அதன் நடத்தையை அளப்பவை அல்ல. இதற்கு முந்திய பதின்மூன்றாவது கமிஷனின் அட்டவணையிலோ, நிதி ஒழுங்குக்கு 17.5 சதவீதம் கொடுக்கப்பட்டிருந்தது. நல்ல நடத்தைக்கு வெகுமதி தரும் அளவுகோல் அது ஒன்றுதான். பதினான்காவது கமிஷன் அதனை முற்றிலும் நீக்கிவிட்டது. நடத்தைக்கு வெகுமதி தரும் ஓர் அளவுகோலை நீக்கிய அதே கையால், அதே அட்டவணையில், அதே நோக்கமுடைய வேறோர் அளவுகோலைக் கமிஷன் எழுதிவைத்தது என்று நம்புவதற்கு மிகப் பலமான சான்று வேண்டும். அத்தகைய சான்று எதையும் இதுவரை எவரும் காட்டவில்லை. உறுப்பினர்களின் உள்ளக்கருத்து இன்னதென்று நாம் துணிந்து கூறமுடியாதென்பது மெய்யே; எனினும் அட்டவணையின் அமைப்பு ஒரு திசையையே காட்டுகிறது.

கணக்கிட்ட முறையும் அதே திசையைக் காட்டுகிறது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2013-ஆம் ஆண்டு அறிக்கையிலுள்ள பரப்பே ஐந்தாண்டுகளுக்கும் மாறாத அடிப்படையாயிற்று. 2016-இல் ஒரு மாநிலம் ஆயிரம் ஹெக்டேர் காட்டை அழித்தாலும், ஆயிரம் ஹெக்டேர் காட்டை வளர்த்தாலும், அந்தக் காலம் முடியும் வரையில் அதன் பங்கில் ஒரு ரூபாய்கூட ஏறவும் இறங்கவும் இடமில்லை. அன்றியும் இது ஒப்பீட்டுப் பங்கு. எல்லா மாநிலங்களும் தத்தம் வனத்தை ஒரே விகிதத்தில் பெருக்கினால் ஒருவருக்கும் கூடுதலாக எதுவும் கிடைக்காது. மாநிலங்களுக்கென ஒதுக்கப்பட்ட 42 சதவீதத்தில் 7.5 சதவீதம், அதாவது பகிர்வுக்குரிய மொத்த வருவாயில் 3.15 சதவீதம், எவ்வித நிபந்தனையும் இன்றி வழங்கப்பட்டது. நிபந்தனை விதிக்கும் வழியைக் கமிஷன் அறியாமல் இல்லை. பன்னிரண்டாவது கமிஷன் வனத்தின் பொருட்டு 1,000 கோடி ரூபாயும், பதின்மூன்றாவது கமிஷன் 5,000 கோடி ரூபாயும் தனி மானியங்களாகவே சிபாரிசு செய்திருந்தன. பின்னதில் கடைசி மூன்றாண்டுத் தொகை, வனப் பிரிவுகளின் செயல்திட்டங்கள் அங்கீகாரம் பெறுவதோடு பிணைக்கப்பட்டிருந்தது. கைக்கெட்டிய அந்த மாதிரியைப் பதினான்காவது கமிஷன் அறிந்தே விட்டது. உண்மையான ஊக்கத்தொகை எப்படி இருக்கும் என்று காணவேண்டுவோர், பிரேஸில் தேசத்தின் பரனா மாநிலத்தை நோக்கலாம்: 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே விற்பனை வரியில் நகராட்சிகளுக்குரிய பங்கின் ஒரு பகுதி, பாதுகாக்கப்பட்ட பரப்பின் அளவையும் ஆண்டுதோறும் மதிப்பிடப்படும் அதன் தரத்தையும் பொறுத்ததாயிற்று, தாமே பாதுகாப்புப் பரப்புகளை அறிவிக்கும் அதிகாரமும் நகராட்சிகளுக்கு இருந்தபடியால், அத்தகைய பரப்பு அங்கே பெருகியது.

இந்த அதிகாரத்தைப் பற்றிய விஷயமே என் வாதத்தின் மையம். ஊக்கமளிப்பதென்றால், அதனைப் பெறுபவருக்குச் செய்யவும் செய்யாமல் விடவும் சுதந்திரம் இருத்தல் வேண்டும். இந்தியாவில் வனம் 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம், மத்திய சர்க்காரின் முன்னனுமதி இன்றி வன நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றலாகாதென்று விதித்தது. 1996-இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், உடைமை யாருடையதாயினும் அகராதிப் பொருளில் காடெனப்படுவது யாவும் அச்சட்டத்துக்கு உட்பட்டதென்று தீர்த்தது. தேசம் முழுவதன் நன்மைக்காக மத்தியில் இயற்றப்பட்ட சட்டம் மாநிலங்களின் மீது சுமையை ஏற்றியிருக்க, அச்சுமையில் ஒரு பங்கைத் தேசம் தாங்கிக்கொள்வது தானமுமன்று, வெகுமதியுமன்று, அது கடன். அனுமதிகள் தாராளமாக வழங்கப்பட்டே வருகின்றன என்னும் ஆட்சேபம் நிர்வாகத்தின் பலவீனத்தைக் காட்டுமேயல்லாமல் சட்டத்தின் தன்மையை மாற்றாது. ஆனால் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சட்டத்தின் எல்லையைச் சுருக்கியிருப்பதை மறைப்பதற்கில்லை. சட்டத்தின் பிடி தளருமளவுக்கு என் வாதத்தின் பிடியும் தளரும்.

அடுத்து வரும் கமிஷனும் வனத்தை மதிக்கும் என்ற எதிர்பார்ப்பே மாநிலங்களுக்கு ஊக்கமாகிவிடும் என்பர். ஒரு கமிஷனின் அளவுகோல் அடுத்த கமிஷனைக் கட்டுப்படுத்துவதில்லை. நிதி ஒழுங்குக்கு நேர்ந்த கதியே அதற்குச் சாட்சி. பதினைந்தாவது கமிஷன் அடர்வனத்தை அளவாகக்கொண்டு மதிப்பை 10 சதவீதமாக உயர்த்தியதும் தற்செயலான தொடர்ச்சியே. அதனை வாக்குறுதியாகக் கொள்ள எந்த மாநிலத்துக்கும் ஆதாரமில்லை. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. செயற்கைக்கோள் படத்தில் மேற்கவிகையை மாத்திரம் கண்டு அளக்கும் முறையில் ரப்பர்த் தோட்டமும் யூகலிப்டஸ் தோப்பும் வனமாகவே எண்ணப்படுகின்றன. அவை வருமானம் தருபவையாதலால் அங்கே இழப்பும் இல்லை, ஈட்டுக்கு நியாயமும் இல்லை. இந்த ஆட்சேபத்தை நான் ஏற்கிறேன். அளவையில் உள்ள இக்குறை இரண்டு வாசிப்புகளையும் ஒருங்கே தாக்குகிறது, திருத்தவேண்டியது அளவையை.

இப்பங்கு கிடைத்த பின்னும் மாநிலங்கள் வனத்துறைக்கான செலவை உயர்த்தவில்லை என்று கண்டு, ஏற்பாடே தோல்வியுற்றதென முடிவுகட்டுவோர், தாங்களே கற்பித்துக்கொண்ட நோக்கத்தைக்கொண்டு தீர்ப்பு வழங்குகிறார்கள். சாலைக்காக நிலத்தை இழந்த குடியானவனுக்குக் கொடுத்த தொகையை, அவன் பிறகு சாலையோரம் மரம் நட்டானா என்று கேட்டு யாரும் மதிப்பிடுவதில்லை. தோல்வி என்ற இந்தப் பேச்சு பங்கை ரத்துசெய்வதற்குக் காரணமாகிவிடக்கூடும் என்பதே எனக்குப் பெருங்கவலை. மற்றொரு பக்கம், ஈடாக வந்த பணத்தைப் பருவநிலை முயற்சிக்கான புதிய நிதியாகச் சர்வதேச மேடையில் எண்ணிக்காட்டுவதும் நேர்மையாகாது.

ஈடென்று கொண்டால் அது உரியவரைச் சேர்ந்ததா என்று கேட்கவேண்டும். வரிப் பங்கில் அருணாசலப் பிரதேசத்தின் விகிதம் பதின்மூன்றாவது கமிஷனில் 0.328 சதவீதமாயிருந்து பதினான்காவதில் 1.370 சதவீதமாயிற்று, நிலப்பரப்பின் மதிப்பு 10-இலிருந்து 15-ஆக உயர்ந்ததும் இதில் கலந்திருப்பதால் முழுவதையும் வனத்தின் கணக்கில் எழுத முடியாதெனினும், மாநிலக் கருவூலம் பெற்றது சிறிதன்று. ஆனால் மேகாலயத்தில் காடுகளின் மிகப்பெரும் பகுதி சர்க்காருடையதன்று. குலங்களுக்கும் கிராமச் சமூகங்களுக்கும் உரியது. நிலத்தைக் காடாக விட்டுவைத்து ஆதாயத்தை இழந்தவர்கள் அவர்கள். ஈடு சென்றதோ ஷில்லாங்கிலுள்ள கருவூலத்துக்கு. அரசியலமைப்பின் பஞ்சாயத்துப் பகுதி மேகாலயத்துக்கும் நாகாலாந்துக்கும் மிஸோரத்துக்கும் பொருந்தாதபடியால், அப்பகுதி வகுத்த மாநில நிதிக் கமிஷனின் வழியாகவும் இப்பணம் கீழிறங்கவேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. மற்ற மாநிலங்களிலும், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி சமூக வன உரிமை பெற்ற கிராம சபைகள் இந்தப் பங்கின் கணக்கில் எங்கும் தோன்றுவதில்லை.

ஆகவே, வனப்பரப்பின் மதிப்பைச் சூத்திரத்தில் இப்போதுள்ளபடியே நிலைநிறுத்தி, அதனோடு, சமூக உடைமையிலும் சமூக உரிமையிலும் உள்ள காட்டின் பரப்புக்கு ஏற்றவாறு ஒரு தொகை அந்தந்தக் குல மன்றங்களுக்கும் கிராம சபைகளுக்கும் நேரே சேரும்படி செய்தல் வேண்டும். வரிப் பங்குக்கு நிபந்தனை விதிக்கக் கமிஷனுக்கு அதிகாரமில்லை என்ற மறுப்பு இங்கே நிற்காது. அரசியலமைப்பின் 275-ஆவது ஷரத்தின்கீழ் நிபந்தனையோடு கூடிய மானியத்தைச் சிபாரிசு செய்யும் வழி திறந்தே இருக்கிறது; பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது கமிஷன்கள் வனத்தின் பொருட்டே அவ்வழியைக் கையாண்டிருக்கின்றன.