லண்டன் தெருநாய்களுக்குக் கைகொடுத்த ஒரு கட்டுரை

தொண்டு நிறுவனம் உதவி கேட்டால் பலரும் முதலில் பர்ஸைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். எழுதத் தெரிந்த ஒருவர் பேனாவை எடுத்தால் என்ன ஆகும்? 1862-இல் லண்டனில் நடந்த கதை இது.

1860-இல் லண்டனில், பட்டினியால் சாகக் கிடந்த ஒரு தெருநாயைக் காப்பாற்ற மேரி டீல்பி என்ற பெண்மணியும் அவருடைய தோழி சாரா மேஜரும் முயன்றார்கள். நாய் பிழைக்கவில்லை. ஆனால் அந்த வருத்தத்தில் ஒரு இல்லம் பிறந்தது. தொலைந்துபோன, பட்டினி கிடக்கும் நாய்களுக்கான தற்காலிக இல்லம் என்று அதற்குப் பெயர். இடம், ஹாலோவே பகுதியில் ஒரு பழைய குதிரை லாயம்!

ஊர் சிரித்தது. 'தி டைம்ஸ்' நாளிதழே கேலி செய்து எழுதியது. வீடில்லாத குழந்தைகள் தெருவில் தூங்கும் நகரத்தில் நாய்க்கு வீடா என்ற கேள்வி எழுந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இல்லம் நம்பியிருந்தது நன்கொடையை. ஊரே சிரிக்கும் இடத்துக்கு யார் பணம் தருவார்கள்?

1862-இல் பக்கத்துப் பகுதியான இஸ்லிங்டனில் பெரிய நாய்க் கண்காட்சி ஒன்று நடந்தது. உயர்சாதி நாய்கள், பரிசுகள், கூட்டம். அதே ஆண்டு ஆகஸ்டில், சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழில் 'இரண்டு நாய்க் கண்காட்சிகள்' என்ற கட்டுரை வெளிவந்தது. முதல் கண்காட்சி இஸ்லிங்டனில் நடந்தது. இரண்டாவது, டீல்பியின் லாயம். அங்கே பரிசும் இல்லை, பார்க்கக் கூட்டமும் இல்லை. யாராவது உள்ளே வந்தால், தன் எஜமானர்தான் தேடி வந்துவிட்டாரோ என்று எல்லா நாய்களும் கம்பியருகே ஓடி வருகின்றன.

கேலி செய்தவர்களோடு கட்டுரை சண்டை போடவில்லை. இந்த இரக்கம் சரியா, மிகையா என்று தீர்ப்பும் சொல்லவில்லை. இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது, அவ்வளவுதான். மிச்சத்தை வாசகர்களே நினைத்துக்கொண்டார்கள். இதுவே காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாக இருந்திருந்தால் பக்கத்தைப் புரட்டிப் போயிருப்பார்கள்.

கட்டுரையில் எழுதியவர் பெயர் இல்லை. அந்த இதழின் வழக்கம் அது. டிக்கன்ஸே எழுதினார் என்று வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது. மாற்றுக் கருத்தும் உண்டு.

மேரி டீல்பி 1865-இல் இறந்துபோனார். இல்லம் 1871-இல் பாட்டர்ஸீக்கு இடம் மாறியது. 1885-இல் விக்டோரியா மகாராணி அதன் புரவலர் ஆனார். ஒரு காலத்தில் கேலிக்கு ஆளான அந்த இல்லம், பாட்டர்ஸீ என்ற பெயரில் இன்றும் நாய்களைக் காப்பாற்றுகிறது.

எல்லாம் ஒரே கட்டுரையால் நடந்துவிடவில்லை. தினமும் சோறு வைத்தவர்கள், கூண்டு கழுவியவர்கள் இல்லாமல் இல்லம் ஏது? ஆனால் சிரித்த ஊரைக் கொஞ்சம் நின்று பார்க்க வைத்ததில் அந்தச் சில பக்கங்களுக்கும் பங்கு உண்டு. நன்றாகப் படம் எடுக்கவும் வரையவும் எழுதவும் தெரிந்தவர்கள் கையில் காசு இல்லையே என்று ஒதுங்க வேண்டியதில்லை. கொடுக்க அவர்களிடமும் ஒன்று இருக்கிறது.