டேடோனா: கண் இழந்ததும் கை காத்ததும்

சென்ற வாரம் எங்கள் துறைக் கருத்தரங்கில் 1990களின் வீடியோ விளையாட்டுகளைப் பற்றிய உரையாடலின்போது, இளம் ஆய்வாளர் ஒருவர் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிச் சென்றார். 'டேடோனா யுஎஸ்ஏ'வை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது சேகா நிறுவனமே அதைக் கெடுத்துவிட்டது என்பது அவர் கூற்று. அவையில் எவரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. அறைக்குத் திரும்பிய பிறகுதான் அது உறுத்தத் தொடங்கியது. பாதி உண்மையாக இருப்பவை அப்படித்தான் உறுத்தும். மீதிப் பாதியை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

இந்த விளையாட்டின் பொருளை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். ஸ்டாக் கார் பந்தயம் என்பது கடையில் விற்கும் காரின் தோற்றத்தில் அமைந்த வண்டிகளை வட்டப்பாதையில் ஓட்டும் அமெரிக்க விளையாட்டு. மதுவிலக்குக் காலத்தில் காவலர்களை ஏய்த்துக் கள்ளச்சாராயம் ஏற்றிச் சென்ற தென்மாநில ஓட்டுநர்களின் வேகம் இதன் வேர்களில் ஒன்று. 1947 டிசம்பரில் ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரையில், ஸ்ட்ரீம்லைன் என்ற விடுதியில், பில் ஃபிரான்ஸ் கூட்டிய கூட்டத்திலிருந்து பிறந்ததே 'நாஸ்கார்' அமைப்பு. 1959இல் அங்கே திறக்கப்பட்ட பந்தயத் தடம் 2.5 மைல் சுற்றளவு கொண்டது. அதன் வளைவுகள் 31 பாகை சாய்ந்தவை. நின்று பார்த்தால் தரை என்பதைவிடச் சுவர் என்றே சொல்லத் தோன்றும். அவ்வாண்டு நடந்த முதல் 500 மைல் பந்தயத்தில் வென்றவர் லீ பெட்டி என்பதை நிழற்படங்களையும் திரைச்சுருளையும் ஆராய்ந்து அறிவிக்க மூன்று நாட்கள் பிடித்தன.

இந்த அமெரிக்கப் பொருளை எடுத்துக்கொண்டவர்கள் டோக்கியோவில் இருந்த சேகாவின் ஏஎம்2 குழுவினர். இயக்கியவர் தோஷிஹிரோ நகோஷி. தயாரிப்புப் பொறுப்பில் யூ சுசுகி. இசையமைத்துப் பாடவும் செய்தவர் தகெநோபு மித்ஸுயோஷி. காசு போட்டு ஆடும் ஆர்கேட் பொறியாக 1993இல் சோதனைக்கு வைக்கப்பட்டு, 1994இல் உலகெங்கும் பரவியது. அதற்குள் இருந்த 'மாடல் 2' பலகையின் நுட்பத்தில் ஒரு பகுதி, இராணுவப் பயிற்சிக்கான பாவனைக் கருவிகளைச் செய்துவந்த ஜெனரல் எலெக்ட்ரிக்கின் வான்துறைப் பிரிவிலிருந்து வந்தது. முப்பரிமாண வடிவங்களின் மேல் படங்களைப் போர்த்தும் அந்த வித்தையால், வினாடிக்கு 60 சட்டகங்கள் என்ற சீரில் காட்சி ஓடியது. தொடக்கநிலைத் தடத்தில் நாற்பது கார்கள் ஓடின. எட்டுப் பொறிகளை இணைத்து எட்டுப் பேர் மோதலாம்.

எனினும் இது நாஸ்காரின் நகல் அன்று. டேடோனா என்ற பெயருக்கு உரிமம் பெற்றிருந்தார்கள். அத்தடத்தையோ உண்மை ஓட்டுநர்களையோ வைக்கவில்லை. நம் கார் 41 என்ற எண் தாங்கிய 'ஹார்னெட்'. தொடக்கநிலைத் தடத்தின் ஓரத்துப் பாறையில் சேகாவின் சோனிக் செதுக்கப்பட்டிருக்கும். தடத்தின் மேலே சூதாட்ட விடுதிப் பொறியைப்போல மூன்று எண்கள் சுழலும். உண்மைப் பந்தயத்தில் கார் சறுக்கினால் ஓட்டுநரின் வயிறு கலங்கும். இங்கோ சறுக்கலே இன்பம். வளைவுக்கு முன் நான்காம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கி, ஸ்டியரிங்கை ஒடித்து, பின்பகுதி விலகும் கணத்தில் எதிர்ப்பக்கம் திருப்பி, மீண்டும் கியரை ஏற்றவேண்டும். இதைக் கற்றவருக்கும் கல்லாதவருக்கும் ஒரு சுற்றுக்குச் சில வினாடிகள் வேறுபடும். கண்ணுக்கு விருந்தாகத் தெரிந்தாலும், அடிப்படையில் இது கையின் விளையாட்டு. என் வாதம் இந்த இடத்தில்தான் நிற்கிறது.

சேகாவின் வீட்டுக் கன்சோலான 'சாட்டர்ன்' 1994 நவம்பர் 22 அன்று ஜப்பானில் வந்தது. பதினொரு நாள் கழித்து சோனியின் பிளேஸ்டேஷன். அதே நாளில் அதற்கென நாம்கோவின் 'ரிட்ஜ் ரேசர்'. சேகாவுக்கு உடனே ஒரு பந்தயம் தேவைப்பட்டது. டேடோனாவின் சாட்டர்ன் வடிவம் 1995 ஏப்ரல் 1 அன்று ஜப்பானில் வெளியானது. மே 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில், செப்டம்பரில் வரும் என்று முன்பு சொல்லப்பட்டிருந்த சாட்டர்ன் இன்றே சில கடைகளில் கிடைக்கிறது என்று சேகா அறிவித்தது. விலை 399 டாலர். அதே கண்காட்சியில் சோனியின் பேச்சாளர் மேடையேறி '299' என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அன்று அமெரிக்கக் கடைகளில் இருந்த விரல்விட்டு எண்ணத்தக்க சாட்டர்ன் விளையாட்டுகளில் டேடோனாவும் ஒன்று. ஆகவே அது ஒரு விளையாட்டாக மட்டும் பார்க்கப்படவில்லை; ஒரு கன்சோலின் தகுதிச் சான்றாகவே பார்க்கப்பட்டது.

சான்று மங்கலாகத்தான் இருந்தது. 60 சட்டகங்கள் ஏறத்தாழ 20 ஆகச் சுருங்கின. திரையின் மேலும் கீழும் கருப்புப் பட்டைகள். தொலைவில் தெரியவேண்டிய மலையும் பார்வையாளர் மாடமும் இல்லாமலிருந்து, நாம் நெருங்கியதும் திடீரென்று முளைத்தன. 'கெடுத்துவிட்டது' என்பவர்கள் சுட்டுவது இவற்றைத்தான். இவற்றில் எதுவும் பொய் இல்லை.

ஆனால் எவை மிஞ்சின என்று அவர்கள் கேட்பதில்லை. பிளேஸ்டேஷனின் ரிட்ஜ் ரேசரில் பந்தயத்தில் பன்னிரண்டு கார்கள். சாட்டர்ன் டேடோனாவில் நாற்பது. காரின் எண்ணிக்கையை வெட்டியிருந்தால் காட்சி இன்னும் சீராக ஓடியிருக்கக்கூடும். குழு அதைச் செய்யவில்லை. நெரிசலுக்கு நடுவே இடைவெளி தேடிப் புகுவதுதான் ஸ்டாக் கார் பந்தயத்தின் உயிர் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே இதற்குப் பொருள் கொள்கிறேன். அதைவிட முக்கியமானது, சறுக்கலின் இலக்கணம் அப்படியே வந்தது. சக்கரத்தைப் பிடித்த கைக்கு இப்போது கட்டைவிரலளவு அழுத்துவிசை ஒன்றே துணை. இருந்தும், ஆர்கேடில் கற்ற கியர் உத்தி வீட்டிலும் பலித்தது. கூடுதலாகச் சிலவும் கிடைத்தன: ஆர்கேடில் துண்டுதுண்டாக ஒலித்த மித்ஸுயோஷியின் குரல் குறுந்தகட்டில் முழுப் பாடலாகவே ஒலித்தது. காருக்குப் பதில் குதிரையை ஓடவிடும் வசதியும் ஒளிந்திருந்தது. அதை எந்த வாதத்துக்குச் சான்றாக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

குறை பொறியுடையதா, அவசரத்துடையதா? விடை தொலைவில் இல்லை. அதே 1995 முடிவதற்குள் அதே ஏஎம்2 குழு 'வர்ச்சுவா ஃபைட்டர் 2'ஐச் சாட்டர்னில் 60 சட்டகங்களில் ஓடவைத்தது. இன்னொரு மாடல் 2 பந்தயமான 'சேகா ராலி' 30 சட்டகங்களில், தொலைவு மறையாமல் வந்தது. இரண்டு முதன்மைச் செயலிகள் கொண்ட அந்தச் சிக்கலான பொறியைக் கையாளும் நிரல்தொகுதிகள் அதற்குள் பக்குவப்பட்டிருந்தன. டேடோனா அந்தப் பக்குவத்துக்குச் சில மாதங்கள் முந்திப் பிறந்துவிட்டது. குற்றம் சுமத்தத்தான் வேண்டுமென்றால் நாட்காட்டியின்மீது சுமத்தலாம்.

இப்போது என் வாதத்தின் கூர்முனைக்கு வருகிறேன். விமர்சனங்களைக் கேட்ட சேகா, 1996இன் இறுதியில் 'சாம்பியன்ஷிப் சர்க்யூட் எடிஷன்' என்ற புதிய வடிவத்தை அமெரிக்காவில் வெளியிட்டது. சேகா ராலியைச் சாட்டர்னுக்குக் கொண்டுவந்த குழு, அந்த அடித்தளத்தின்மேலேயே இதைக் கட்டியது. காட்சி 30 சட்டகங்களாக உயர்ந்தது. மலைகள் திடீரென்று முளைப்பது பெரிதும் குறைந்தது. திரையைப் பிரித்து இருவர் ஆடலாம். புதிய தடங்கள் இரண்டு. முன்னதன் மீதான குற்றப்பட்டியலில் பெரும்பாலானவற்றுக்குக் கோடு போட்டாயிற்று. ஆனால் கார் வேறு விதமாக ஓடியது. பழைய சறுக்கல் இல்லை. ரிச்சர்ட் ஜாக்கஸ் மறுஆக்கம் செய்த இசையும் பழைய ஒலியாக இல்லை. ஆர்கேடில் பழகிய கைகள் இதில் வழி தெரியாமல் தடுமாறின.

ஆக 1995இன் வடிவம் கண்ணை இழந்து கையைக் காத்தது. 1996இன் வடிவம் கண்ணைத் திருத்திக் கையைத் தொலைத்தது. சட்டகங்களை மட்டும் எண்ணும் வரலாறு இரண்டாவதை வளர்ச்சி என்றே எழுதும். நிழற்படத்தில் சட்டகம் தெரியும், சறுக்கல் தெரியாது. நம் துறை பெரும்பாலும் நிழற்படங்களையும் பழைய இதழ் விமர்சனங்களையும் வைத்துக்கொண்டு எழுதுகிறது. அந்த விமர்சனங்களையும் நாம் ஒழுங்காகப் படிப்பதில்லை என்பது என் மனத்தாங்கல்: 1995இல் எழுதியவர்களில் பலர் மலைகள் முளைப்பதைக் குறிப்பிட்டுவிட்டே விளையாட்டைப் பாராட்டினார்கள். 'கெட்டுப்போனது' என்ற ஒற்றைத் தீர்ப்பு இறுகியது பின்னாளில், சாட்டர்ன் தோற்றதன் காரணத்தைத் தேடியவர்களிடையே.

2011இல் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றுக்கு வந்த மறுவெளியீடு ஆர்கேட் மூலத்தையே எடுத்துக்கொண்டு, அகலத்திரையில் 60 சட்டகங்களில் ஓடியது. மூலம் கிடைத்த மகிழ்ச்சியில் சாட்டர்ன் வடிவம் தேவையற்ற இடைப்படியாகிவிட்டது. ஆனால் பல வீடுகளில் டேடோனா என்று ஆடப்பட்டது அந்த 20 சட்டக வடிவம்தான். கருப்புப் பட்டைகளுக்கு நடுவில்தான் அவர்கள் சறுக்கக் கற்றார்கள். ஓலைச்சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடுகளைக் குப்பையில் போடுவோமா?

நான் தயாரித்துவரும் அட்டவணையில் இதுவரை 'டேடோனா யுஎஸ்ஏ' என்று ஒரே பதிவு இருந்தது. வீட்டு வடிவங்கள் அதன் அடிக்குறிப்பில் கிடந்தன. நேற்று இரவு 1994, 1995, 1996 என்று மூன்று தனிப் பதிவுகளாகப் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் சட்டக எண்ணிக்கைக்குப் பக்கத்தில், வளைவில் கார் எப்படிச் சறுக்குகிறது என்பதற்கு ஒரு புதிய கட்டம் சேர்த்திருக்கிறேன். அதை எந்த அலகால் நிரப்புவது என்பதில் உங்கள் யோசனைகளைக் கீழே எழுதுங்கள்.