தட்டு ஒன்று, லிபி பல

வன்தட்டில் பதிந்திருப்பவை காந்தத் தடங்கள் மட்டுமே. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஒழுங்கைக் கோப்பு முறைமை என்கிறோம். அந்த ஒழுங்கை அறியாத இயங்குதளம், நாம் ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்ததை வெற்றுத் தட்டென எண்ணி, ‘ஃபார்மேட் செய்யட்டுமா?’ என்று கேட்கும்.

1977இல் மைக்ரோசாஃப்டின் மார்க் மெக்டொனால்ட், நெகிழ்தட்டுகளுக்காக ஃபேட் என்னும் எளிய முறைமையை எழுதினார். பின்னர் ஆப்பிள் 1985இல் ஹெச்எஃப்எஸ், விண்டோஸ் என்டி 1993இல் என்டிஎஃப்எஸ், லினக்ஸ் அதே ஆண்டில் எக்ஸ்ட்2 என ஆளுக்கொரு வழி சென்றனர். எல்லோருக்கும் பொதுவாக எஞ்சியது பழைய ஃபேட்தான். ஆனால் 1996இல் வந்த ஃபேட்32இலும் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தொட இயலாது.

அந்தத் தடையை நீக்கிய எக்ஸ்ஃபேட்டை மைக்ரோசாஃப்ட் 2006இல் வெளியிட்டது. காப்புரிமை வேலியும் உடன் வந்தது. அந்த வேலி வெறும் அலங்காரமன்று. லினக்ஸைப் பயன்படுத்திய டாம்டாம் நிறுவனத்தின் மீது, ஃபேட்டின் நீண்ட கோப்புப் பெயர்களையும் காரணம் காட்டி, 2009இல் மைக்ரோசாஃப்ட் வழக்குத் தொடுத்தது. அடுத்த மாதமே வழக்கு சமரசத்தில் முடிந்தது.

வேலிக்கு வெளியே நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை. என்டிஎஃப்எஸ் தட்டின் அமைப்பைத் தாமே ஆராய்ந்து அறிந்தவர்களின் உழைப்பால், அதில் எழுதவும் வல்ல என்டிஎஃப்எஸ்-3ஜி 2007இல் நிலையான பதிப்பாக வந்தது. எக்ஸ்ஃபேட்டின் விதிகளை மைக்ரோசாஃப்ட் 2019இல் வெளியிட்டது; அவ்வாண்டே லினக்ஸ் 5.4இல் அது இடம்பெற்றது.

இடையில் கழிந்தவை 13 ஆண்டுகள். தடை காந்தத்தில் இருக்கவில்லை, உடைமையில் இருந்தது. எழுத்தைக் காக்க நினைக்கும் நாம், அதைப் படிக்கும் விதி யார் கையில் இருக்கிறது என்றும் கேட்டாக வேண்டும்.