தம்கிரி: உடம்பு மலையைக் கற்றுக்கொண்ட கதை

கபடியில் 'தம் பிடிச்சுப் பாடிட்டு வா' என்போம். இந்தத் 'தம்' பாரசீகச் சொல். மூச்சு என்று பொருள். அதே சொல்லிலிருந்து ஒரு நோய்க்கும் பெயர் வந்திருக்கிறது: தம்கிரி, அதாவது மூச்சைப் பிடிப்பது. 1530களில் லடாக், திபெத் பக்கம் படை நடத்திப் போன மிர்சா முகமது ஹைதர், தன்னுடைய 'தாரிக்-இ-ரஷீதி' நூலில் இதை விவரிக்கிறார். மூச்சு முட்டும், தூக்கம் வராது, முற்றினால் பிதற்றல், கை கால் வீக்கம். வெளியூர்க்காரனைத்தான் பிடிக்கும், திபெத்துக்காரனை ஒன்றும் செய்யாது என்பதையும் அவர் கவனித்திருக்கிறார். அவருடைய அரசர் சுல்தான் சயீத் கான் 1533இல் லடாக்கிலிருந்து யார்கண்ட் திரும்பும் வழியில் இந்த நோயில்தான் இறந்தார். இன்று நம் ராணுவ விமானத்தளம் இருக்கும் தௌலத் பெக் ஓல்டி அந்த இடம் என்று சொல்வார்கள். 'பெருஞ்செல்வர் இறந்த இடம்' என்பதே அந்தப் பெயருக்குப் பொருள். 16,000 அடிக்கும் மேல்.

கீழ்பென்னாத்தூரில் உட்கார்ந்துகொண்டு லடாக் கதை எதற்கு என்று கேட்கலாம். காரணம் இரண்டு. பழைய வட ஆற்காடு மாவட்டம் ராணுவத்துக்குத் தலைமுறை தலைமுறையாக ஆள் அனுப்பிய மண். இரண்டாவது, அண்ணாமலையைச் சுற்றுகிறவர்களில் பலருக்குக் கயிலாயத்தையும் ஒருமுறை சுற்றிவிட வேண்டும் என்ற ஆசை உண்டு. 'மாசாமாசம் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் வெறுங்கால்ல நடக்கிறேன், எனக்கென்ன?' என்கிற தைரியமும் உண்டு. ஆனால் அண்ணாமலையின் உச்சியே 2,668 அடிதான். கிரிவலப் பாதையோ அடிவாரத்தில் இருக்கிறது. கயிலாயப் பரிக்கிரமா சுமார் 52 கிலோமீட்டர். அதில் வரும் டோல்மா கணவாய் 18,000 அடியைத் தாண்டும். கால் வலிமை வேறு, மூச்சு வேறு.

இந்த வித்தியாசத்தை நம் நாடு பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. 1962 அக்டோபரில் சீனப் போர் வெடித்தபோது, சமவெளியில் இருந்த படைகளை அவசரமாக மேலே ஏற்றினார்கள். பலரை விமானத்தில் லே நகருக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். லே 11,500 அடி. நல்ல திடகாத்திரமான இளைஞர்கள் ஓரிரு நாளில் இருமலும் நுரையுமாகப் படுத்தார்கள். பார்ப்பதற்கு நிமோனியா மாதிரியே இருக்கும். ஆனால் கிருமி காரணமில்லை. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. தொற்று இல்லாமலே உயரத்தால் இப்படி வரும் என்று அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டன் எழுதி அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

ராணுவ மருத்துவப் பிரிவின் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் இந்தச் சிப்பாய்களை விடாமல் கவனித்துக் குறித்தார்கள். 1969இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த அவர்களுடைய கட்டுரை, 11,000 முதல் 18,000 அடி வரை மலைநோய் கண்ட 1,925 பேரைப் பற்றியது. உயர்மலை மருத்துவத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் கட்டுரை அது. அந்த 1,925 பேரும் எங்கோ ஒரு கிராமத்துப் பிள்ளைகள் என்பதை அந்த எண்ணைப் பார்க்கும்போது மறந்துவிடக் கூடாது.

உள்ளே நடப்பது என்ன? மேலே போனாலும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். லேயில் ஒரு மூச்சில் கிடைப்பது கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. 18,000 அடியில் பாதி. உடம்பு உடனே வேகமாக மூச்சு வாங்கும். அப்படி வாங்கினால் கரியமிலவாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை ஏறும்; மூளை 'போதும், மெதுவா' என்று மூச்சுக்குக் கடிவாளம் போடும். சிறுநீரகம் அந்தக் காரத்தை வெளியேற்றினால்தான் கடிவாளம் தளரும். அதற்குச் சில நாள் வேண்டும். புதுச் சிவப்பணுக்கள் போதுமான அளவு உருவாக வாரக்கணக்கில் ஆகும். இதற்குள் அவசரப்பட்டு ஏறினால், ஆக்சிஜன் குறைவால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகி, அழுத்தம் கூடி, நீர் கசியும். மூளையும் வீங்கலாம். இதில் எதையும் தண்டால் எடுத்து முன்கூட்டியே சரிசெய்ய முடியாது. சொல்லப்போனால், பலசாலிக்குத்தான் வேகமாக ஏறிவிடும் ஆபத்து அதிகம்.

ராணுவம் இதை ஒழுங்குமுறை ஆக்கிவிட்டது. 9,000 முதல் 12,000 அடி வரை 6 நாள், அதில் முதல் இரண்டு நாள் ஓய்வு. 15,000 அடி வரை இன்னும் 4 நாள். அதற்கு மேலே போக மறுபடி 4 நாள். இதில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று: லீவில் ஊருக்கு வந்து சில வாரம் தங்கிய சிப்பாய் திரும்பிப் போனால், அவரும் மறுபடி படிப்படியாகத்தான் ஏற வேண்டும். போன வருஷம் கற்றதை உடம்பு வைத்துக்கொள்வதில்லை. இறங்கினால் மறந்துவிடும்.

இன்று சென்னையில் விமானம் ஏறினால் டெல்லி வழியாக ஒரே நாளில் லே. 1962இல் அவசரம் சிப்பாயின் கையில் இல்லை, உத்தரவில் இருந்தது. நமக்கு அப்படி ஒரு உத்தரவும் கிடையாது. முதல் இரண்டு நாள் அறையில் சும்மா இருப்பது டூர் பணம் வீணாவது இல்லை. தலைவலி, வாந்தி இருந்தால் மேலே ஏறக் கூடாது. படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே இறங்கிவிட வேண்டும். ஆக்சிஜனும் மருந்தும் உதவும்தான். ஆனால் முதல் மருந்து இறங்குவது.

கிரிவலம் போகிறவர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. மலையைச் சுற்றும்போது ஓடக் கூடாது, நிதானமாக நடக்க வேண்டும் என்றுதான் பெரியவர்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.