கிளெனாக்கில் சிறையின் ஊசிகள்

1993-ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில், ஸ்காட்லாந்தின் நடுப்பகுதியில் ஆலோவா ஊரை அடுத்துள்ள கிளெனாக்கில் சிறையில், கைதியிடமிருந்து கைதிக்கு எச்.ஐ.வி. தொற்றியது. சிறைக்குள்ளேயே நிகழ்ந்த எச்.ஐ.வி. பரவல் என்று மருத்துவ ஏடுகளில் முதன்முதலாகப் பதிவானது இதுதான். அதற்கு முன் எந்தச் சிறையிலும் பரவவில்லை என்று இதற்குப் பொருளில்லை. 1987 டிசம்பரில் தாய்லாந்து மன்னரின் அறுபதாம் பிறந்தநாளையொட்டி ஏராளமான கைதிகள் விடுதலையானார்கள். அடுத்த ஆண்டே பாங்காக்கில் போதை ஊசி போடுபவர்களிடையே தொற்று மளமளவென்று ஏறியது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் உண்டு. ஆனால் எவருக்கு எங்கே தொற்றியது என்பதை அங்கே பிரித்துக் காட்ட வழியில்லை. கிளெனாக்கிலில் அது முடிந்தது.

ஸ்காட்லாந்தில் இந்தக் கதை எடின்பரோ நகரத் தெருக்களில் தொடங்குகிறது. 1980-களின் தொடக்கத்தில் அங்கே மலிவான ஹெராயின் வந்து குவிந்தது. ஊசிக்குத்தான் பஞ்சம். பிரெட் தெருவில் சிரிஞ்சு விற்றுவந்த மருத்துவக் கருவிக் கடை விற்பனையை நிறுத்திக்கொண்டது. தெருவில் பிடிபட்டவர்களின் ஊசிகளைக் காவல்துறை பறிமுதல் செய்தது. ஊசி கிடைக்காவிட்டால் பழக்கம் விட்டுப்போகும் என்பது கணக்கு. பழக்கம் விடவில்லை, ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொண்டார்கள். மியூர்ஹவுஸ் பகுதியில் மருத்துவம் பார்த்துவந்த ராய் ராபர்ட்சனும் உடன் பணியாற்றியவர்களும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 164 பேரில் 51 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஐரோப்பாவின் எய்ட்ஸ் தலைநகரம் என்று பத்திரிகைகள் எடின்பரோவுக்குப் பெயர் சூட்டின. அதே ஆண்டு பிரையன் மெக்லெலண்ட் தலைமையிலான அரசுக் குழு, போதைப் பழக்கத்தை ஒழிப்பதைவிடத் தொற்றைத் தடுப்பதே அவசரம் என்றது. சுத்தமான ஊசியும் மாற்று மருந்தும் கொடுக்கச் சொன்னது. நகரம் அதை மெல்ல ஏற்றுக்கொண்டது. அதே ஆட்கள் களவுக்கும் போதைப்பொருள் குற்றத்துக்கும் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனபோது, அந்தப் பரிந்துரை வாசலோடு நின்றுவிட்டது.

1993-இன் தொடக்கத்தில் கிளெனாக்கிலில் சிலருக்கு, ரத்தத்தின் வழியே பரவும் ஹெபடைடிஸ் பி கண்டது. கைதிகள் இருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதும் தெரியவந்தது. சிறைக்குள் ஊசிகள் கைமாறுகின்றன என்பதற்கு வேறு சாட்சியம் தேவைப்படவில்லை. கோடையில் கிளாஸ்கோவிலிருந்து சுகாதாரத் துறையின் மருத்துவர்களும் ஆலோசகர்களும் வந்தனர். ரகசியம் காக்கப்படும் என்ற உறுதியோடு கைதிகளைத் தனித்தனியே அழைத்துப் பேசினர். இருந்த 378 கைதிகளில் 227 பேர் பேச வந்தார்கள். 162 பேர் ரத்தம் கொடுத்தார்கள். அவர்களில் 12 பேருக்குத் தொற்று இருந்தது. பேச வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர், அதாவது 76 பேர், வாழ்நாளில் எப்போதாவது ஊசி போட்டவர்கள். அவர்களில் 33 பேர் அந்தச் சிறைக்குள்ளேயே போட்டிருந்தார்கள். தொற்று இருந்த பன்னிருவரும் அந்த 33 பேருக்குள் அடக்கம். 33 பேரில் 32 பேர் பிறருடைய ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்கள். அவரவர் சிறைக்கு வந்த நாளையும் அடுத்தடுத்த பரிசோதனை முடிவுகளையும் ஒப்பிட்டு, எட்டுப் பேருக்காவது சிறைக்குள்தான் தொற்றியது என்று ஆய்வாளர்கள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார்கள். இந்த அறிக்கை 1995-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது.

சிறையில் ஊசி பகிர்வது வெளியே பகிர்வதைப் போன்றதல்ல. வெளியே காதலியோடு, அண்ணன் தம்பியோடு, இரண்டொரு கூட்டாளிகளோடு பகிர்வார்கள். எவர் எவரோடு என்பது ஓரளவு தெரிந்திருக்கும். உள்ளே ஒரு கட்டடத்துக்கே நான்கைந்து சிரிஞ்சுகள்தான் இருக்கும். ஒளித்து வைப்பதற்காக அவற்றின் நீளத்தை வெட்டிக் குறைத்திருப்பார்கள். முனை மழுங்கினால் தீப்பெட்டியின் பக்கவாட்டில் தேய்த்துக் கூராக்குவார்கள். மாதக்கணக்கில் அறை அறையாகச் சுற்றிவரும் அந்த ஊசியை முன்பு பயன்படுத்தியவர் யார் என்று எவருக்கும் தெரியாது. இதனால், குறைந்த எண்ணிக்கையிலானோர் ஊசி போட்டாலும் ஆபத்து பல மடங்கானது.

ஊசிப் பழக்கத்தைச் சிறையிலேயே தொடங்கியவர்களும் இருந்தார்கள். புள்ளியியலாளர் ஷீலா கோரும் நோயெதிர்ப்பியல் மருத்துவர் கிரஹாம் பேர்டும் கைதிகளின் உமிழ்நீரைப் பெயர் குறிக்காமல் வாங்கிப் பரிசோதிக்கும் முறையை 1991-இல் எடின்பரோவின் சாக்டன் சிறையில் தொடங்கியிருந்தனர். கிளெனாக்கிலுக்கும் அவர்கள் வந்தார்கள். அங்கே ஊசி போடுவதாகச் சொன்ன 72 கைதிகளில் 18 பேர், முதல் ஊசியைப் போட்டதே அந்தச் சிறையில்தான் என்றார்கள். பெயர் கேட்காததால் கிடைத்த பதில் இது. பெயர் கேட்டு நடத்தும் விசாரணையில் எந்தக் கைதியும் இதைச் சொல்லப்போவதில்லை.

சிறைத்துறை உடனடியாகச் செய்தது கிருமிநாசினி மாத்திரை வழங்குவது. தண்ணீரில் கரைத்து ஊசியைக் கழுவிக்கொள்ள உதவும் மாத்திரைகள் ஸ்காட்லாந்துச் சிறைகளில் கைதிகளுக்குக் கிடைக்கத் தொடங்கின. கோப்பையும் கரண்டியும் கழுவுவதற்கு என்று சொல்லிக்கொள்ளலாம். ஊசி இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. மாத்திரையின் வசதியே அதுதான். ஊசியைக் கொடுப்பது பற்றிப் பேச்சே எழவில்லை. 1990-களின் நடுவில் பிரிட்டனின் சிறைகளில் முன்னறிவிப்பில்லாத சிறுநீர்ப் பரிசோதனையும் வந்தது. கஞ்சாவின் தடயம் சிறுநீரில் வாரக்கணக்கில் தங்கும்; ஹெராயினுடையது இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடும். மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கைதிகள் கஞ்சாவை விட்டு ஹெராயினுக்குத் தாவுவார்கள் என்று மருத்துவர்கள் அப்போதே எச்சரித்தார்கள்.

கிளெனாக்கில் ரத்த மாதிரிகளுக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைரஸின் மரபணு வரிசையை ஒப்பிட்டு, முன்பே தெரியவந்த இருவரையும் சேர்த்துத் தொற்று இருந்த பதினான்கு பேரில் பதின்மூவரின் வைரஸ் ஏறக்குறைய ஒன்றே என்று 1997-இல் வெளியிட்டனர். ஒரே மூலத்திலிருந்து பரவியது என்பதற்கு அது ஆதாரமானது. 2001-இல், அந்தச் சிறையில் தொற்றுப் பெற்று விடுதலையான ஒருவர், தனக்குத் தொற்று இருப்பதை மறைத்துத் தன் தோழிக்குத் தொற்ற வைத்ததாக கிளாஸ்கோ உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. ரகசியம் என்று சொல்லி வாங்கிய ஆய்வு ஆவணங்களைக் காவல்துறை நீதிமன்ற ஆணையோடு கைப்பற்றியது. அவை சாட்சியமாயின, அவருக்கு ஐந்தாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இனி எந்தக் கைதி நம்பி ரத்தம் கொடுப்பார் என்று, மரபணு ஆய்வில் பங்குகொண்ட ஆண்ட்ரூ லீ பிரௌனும் ஷீலாவும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். 1993-இல் ஆய்வாளர்கள் கையில் இருந்த ஒரே கருவி கைதிகளின் நம்பிக்கைதான் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தக் கவலையை மிகை என்று சொல்ல முடியாது.

ஸ்காட்லாந்து தயங்கி நின்ற இடத்தில் சுவிட்சர்லாந்து ஓர் அடி முன்னே வைத்தது. அதுவும் அரசின் முடிவாகத் தொடங்கவில்லை. சொலோதூர்ன் மாநிலத்தின் ஓபர்ஷொன்குருன் ஆண்கள் சிறைக்குப் பகுதிநேர மருத்துவராக வந்துகொண்டிருந்த ஃபிரான்ஸ் புரோப்ஸ்ட், ஊசி போடும் கைதிகளுக்கு 1992-இல் எவரிடமும் கேட்காமல் சுத்தமான சிரிஞ்சுகளைக் கொடுக்கத் தொடங்கினார். விஷயம் தெரிந்ததும் சிறை அதிகாரி அவரை வேலையிலிருந்து நீக்கவில்லை. காரணத்தைக் கேட்டார், கேட்டபின் மேலிடத்தில் அவருக்காகப் பேசினார். உலகில் சிறைக்குள் ஊசி விநியோகம் இப்படித்தான் தொடங்கியது.

1994 ஜூனில் பெர்னுக்கு அருகிலுள்ள ஹிண்டல்பாங்க் பெண்கள் சிறையில் அது அரசின் சோதனைத் திட்டமாக உருப்பெற்றது. சுவரில் தானியங்கிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. சிறைக்கு வரும் பெண்ணுக்கு மருந்து ஏற்ற முடியாத ஒரு பொய் ஊசி தரப்படும். அதைப் பெட்டியில் போட்டால் நல்ல ஊசி வரும். பயன்படுத்தியதைப் போட்டால் புதியது வரும். காவலர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. ஓராண்டு முடிவில் மதிப்பீடு செய்தபோது போதைப் பழக்கம் கூடியிருக்கவில்லை. ஊசி பகிர்வது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. எவரும் எவரையும் ஊசியால் குத்தவில்லை.

குத்திவிடுவார்கள் என்பதுதான் எல்லா நாட்டுக் காவலர் சங்கங்களின் முதல் எதிர்ப்பு. அதற்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. 1990-இல் சிட்னியின் லாங் பே சிறையில் ஒரு கைதி ரத்தம் நிரப்பிய ஊசியால் காவலர் ஒருவரைக் குத்தினார், அவர் எச்.ஐ.வி. தொற்றி 1997-இல் இறந்தார். ஆஸ்திரேலியாவில் அந்தச் சம்பவத்தின் நிழல் இன்றுவரை விலகவில்லை. ஆனால் அது கடத்திவந்து ஒளித்து வைத்திருந்த ஊசி. விநியோகம் செய்த சிறைகளிலிருந்து அப்படி ஒரு தாக்குதல் பதிவாகவில்லை.

ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலம் 1996-இல் ஃபெக்டா, லிங்கன் சிறைகளில் திட்டத்தைத் தொடங்கியது. மதிப்பீடுகள் சாதகமாகவே வந்தன. இருந்தும், 2000-களின் தொடக்கத்தில் மாநிலங்களில் ஆட்சி மாறியபோது ஜெர்மன் சிறைத் திட்டங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பெர்லினின் பெண்கள் சிறையில் மட்டும் தப்பியது. ஸ்பெயின் எதிர்த்திசையில் போனது. 1980-களின் முடிவில் அந்நாட்டுக் கைதிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. முதலில் ஹெராயினுக்கு மாற்று மருந்தான மெத்தடோன், பிறகு 1997-இல் பில்பாவோ அருகே பசௌரி சிறையில் ஊசி விநியோகம், அதன்பின் மற்றச் சிறைகள் என்று விரிந்தது. ஸ்காட்லாந்தில் யோசனை பலமுறை எழுந்தும் காவலர்களின் எதிர்ப்பைத் தாண்டவில்லை. அங்கே வேரூன்றியது மெத்தடோன்தான்.

எச்.ஐ.வி. பற்றிப் பேசிக்கொண்டிருந்த இந்த ஆண்டுகளில் ஹெபடைடிஸ் சி சத்தமில்லாமல் அதைவிட அதிகமானவர்களைப் பிடித்திருந்தது. அந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989-இல்தான். எச்.ஐ.வி.யைவிட மிக எளிதாக ரத்தத்தின் வழியே பரவும். சிரிஞ்சுக்குள் மீந்த துளியில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். கிருமிநாசினி மாத்திரையை நம்பி அதை விரட்ட முடியாது. கல்லீரலைக் கெடுக்க இருபது முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொள்வதால் சிறைக் காலத்தில் எவருக்கும் தெரியாது. 2010-11-இல் ஸ்காட்லாந்துச் சிறைகளில் நடந்த கணக்கெடுப்பில் 19 விழுக்காட்டுக் கைதிகளின் ரத்தத்தில் அதன் தடயம் இருந்தது. ஆனால் சிறைக்குள் புதிதாகத் தொற்றுவது எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. மெத்தடோன் பரவலாகக் கிடைத்ததை அதற்கு ஒரு காரணமாக ஆய்வாளர்கள் சொன்னார்கள். 2011 முடிவதற்குள் சிறை மருத்துவம் சிறைத்துறையிடமிருந்து நாட்டின் பொதுச் சுகாதாரத் துறைக்கு மாறியது.

மருந்தும் மாறியது. பழைய இன்டர்ஃபெரான் சிகிச்சை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நீளும். காய்ச்சலும் மனச்சோர்வும் கூடவே வரும். குறுகிய தண்டனைக் கைதிக்கு அதைத் தொடங்குவதே வீண். 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஃபோஸ்புவிர் வகை மாத்திரைகள் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் பெரும்பாலோரைக் குணமாக்கின. அமெரிக்காவில் ஒரு மாத்திரையின் தொடக்க விலை 1,000 டாலர். அதனால் அங்கே பல மாநிலச் சிறைகள் மருந்தை மறுத்தன. கைதிகள் நீதிமன்றம் போனார்கள். ஆஸ்திரேலியா 2016 மார்ச்சில் அரசு மானியத்தில் அம்மருந்தைக் கைதிகள் உட்பட எல்லோருக்கும் திறந்துவிட்டது. நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தின் நான்கு சிறைகளில் சிகிச்சை பரவலாக்கப்பட்டபோது, புதிய தொற்று ஆண்டுக்கு நூறு பேரில் 8.31 என்பதிலிருந்து 4.35-ஆக இறங்கியது. அங்கேயும் கைதிகளுக்குச் சுத்தமான ஊசி கொடுக்கப்படவில்லை. குணமானவர்களில் சிலருக்கு அதே தொற்று மறுபடியும் வந்தது.