ஈட்டி மர நாற்காலியைச் செய்தவர் யார்?

பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் பக்கம் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது, செதுக்கு வேலை நிறைந்த கறுத்த நாற்காலியோ கட்டிலோ வெளியே வருவதுண்டு. வாங்க வருபவர், "சும்மா நாட்டு ஆசாரி வேலைதான்" என்று விலையைக் குறைப்பார். விற்கப் போகும்போது அதே சாமான் "லண்டன் சாமான்" ஆகிவிடும். இரண்டையும் நம்ப வேண்டாம். சாமானையே கவனித்துப் பார்க்கலாம்.

முதலில் மரம். நம் மலையில் விளையும் தோதகத்தி என்னும் ஈட்டி மரம் நல்ல கனம். ஊதா கலந்த பழுப்பில் கறுப்பு வரி ஓடும். பாலிஷ் படாத அடிப்பக்கம் வெளிறியிருந்தால் வேறு மரத்துக்குச் சாயம் ஏற்றியிருக்கலாம். ஆனால் மரத்தை மட்டும் வைத்து ஊரைச் சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டில் நம் ஈட்டி இங்கிலாந்துக்கும் கப்பலேறியது.

அடுத்து வேலைப்பாடு. பம்பாயில் 'பிளாக்வுட்' என்று பெயர் பெற்ற சாமான்களும் ஈட்டிதான்; இலையும் கொடியும் இடமில்லாமல் நெருங்கி, ஊடுருவிச் செதுக்கியிருக்கும். மெட்ராஸில் டெஸ்சாம்ப்ஸ் கடைக்கு நல்ல பேர். நியூயார்க்கில் ஜான் ஹென்றி பெல்டர் (மறைவு 1863) மெல்லிய பலகைகளை அடுக்கி ஒட்டி, வளைத்து, அதன்மேல் செதுக்கினார். விளிம்பில் அந்த அடுக்குகள் தெரியும். ஆனால் மீக்ஸ் போன்ற வேறு கடைக்காரர்களும் அப்படிச் செய்ததால், அடுக்கைக் கண்டதுமே பெல்டர் என்று முடிவு கட்டக் கூடாது.

வலுவான சாட்சி, இருக்கைச் சட்டத்தின் அடியிலோ இழுப்பறைக்குள்ளோ இருக்கும் முத்திரையும் ஒட்டுச் சீட்டும்தான். பளபளப்புக்காக இழைத்துத் தேய்த்தால் அந்தச் சாட்சி போய்விடும்.

முத்திரை இருந்தாலும் அது பெரும்பாலும் கடை முதலாளியின் பெயர்தான். உளி பிடித்த ஆசாரியின் பெயர் அதில் இருக்காது. நம் ஊர் ஆசாரிகள் முத்திரையே வைத்ததில்லை. "இன்ன ஆசாரி, இன்னார் கல்யாணத்துக்குச் செய்தது" என்ற வீட்டுப் பேச்சுதான் மிச்சம். அதுவும் நம் தலைமுறையோடு போய்விடக் கூடும்.

1994ஆம் ஆண்டு ஈட்டி மரப் பாதுகாப்புக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. இனி இதுபோல் புதிதாகச் செய்வது எளிதல்ல. ஆகவே விற்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். தெரிந்த பெயரை ஒரு தாளில் எழுதி, நாற்காலிக்கு அடியில் ஒட்டி வையுங்கள்.