வெளிச்சத்துக்குள் ஒளிந்திருக்கும் துணை

தை மாதத்தில், கரண்ட் இல்லாத ஒரு இரவு, விசுவமடுவில் முற்றத்துக்கு வந்து கிழக்கே பாருங்கோ. மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும். அந்தக் கோட்டைத் தெற்குப் பக்கமாக நீட்டினால் வருவது சிரியஸ். இரவு வானத்தில் அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் இல்லை. ஒன்றுதான் எண்டு கண் சொல்லும். உண்மையில் அங்கே இரண்டு இருக்கு.

1844இல் ஜேர்மன் வானியலாளர் பெசல் பழைய அளவீடுகளை ஒப்பிட்டபோது, சிரியஸ் நேராக நகராமல் மெல்லத் தள்ளாடுவதைக் கண்டார். தெரியாத ஏதோ ஒன்று அதை இழுக்குது எண்டார். 1862இல் அமெரிக்காவில் அல்வன் கிரகாம் கிளார்க் புதிய தொலைநோக்கி ஒன்றைச் சோதிக்கும்போது அந்தத் துணை கண்ணில் பட்டது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம் அது. எடை சூரியனளவு, பருமன் பூமியளவு. இதைத்தான் வெள்ளைக் குள்ளன் எண்டு சொல்லுறம்.

1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சந்திரசேகர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 19. வெள்ளைக் குள்ளனின் எடைக்கு ஒரு எல்லை உண்டு எண்டு அந்தப் பயணத்திலேயே கணக்குப் போட்டார். இன்றைய மதிப்பில் அது சூரியனைப்போல ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935இல் எடிங்டன் அதைச் சபையிலேயே கேலி செய்தார். நோபல் பரிசு வந்தது 1983இல்.

சோடியாக இருக்கும் வெள்ளைக் குள்ளன் துணையிடமிருந்து பொருளை இழுத்து அந்த எல்லையை நெருங்கினால் வெடிக்கலாம். அதனால்தான் இந்தச் சோடிகளைத் தேடுகிறார்கள். ஆனால் காயா விண்கலம் 2022இல் தந்த தரவில் மட்டும் ஏறத்தாழ 22 கோடி நிறமாலைகள். ஒவ்வொன்றாகப் பார்க்க ஆயுள் காணாது. ஆகவே முன்பே தெரிந்த சோடிகளைக் காட்டி கணினியைப் பழக்குகிறார்கள். சிவந்த நட்சத்திரத்தின் ஒளியில் இருக்கக்கூடாத நீலம் கூடுதலாக இருந்தால் அது பிடித்துக்கொள்ளும். 2024இல் டொராண்டோ பல்கலைக்கழகம் முன்னின்ற ஒரு குழு, 38 நட்சத்திரக் கொத்துகளில் இப்படி 52 சோடிகளைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. உறுதிசெய்ய மறுபடியும் தொலைநோக்கிதான் வேணும்.

ஒரு சிக்கல் இருக்கு. தெரிந்த சோடிகளில் பெரும்பாலானவற்றில் துணை மங்கலான சிவப்பு நட்சத்திரம். அதைப் பார்த்துப் பழகிய கணினி அதே மாதிரியைத்தான் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கும். சிரியஸ் மாதிரிப் பெரிய வெளிச்சத்துக்குள் ஒளிந்திருப்பது தப்பிவிடும்.

கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற எனக்கு இது தெரிந்த கதை. பட்டியலில் இருப்பவரை வைத்துத்தான் அடுத்த பட்டியலும் எழுதப்படுது. எங்கட பக்கத்தில் எந்தப் பட்டியலிலும் பெயர் வராதவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் மிஞ்சியவர்களின் நாள் அவர்களைச் சுற்றித்தான் ஓடுது. பெசல் பார்த்தது அந்தத் தள்ளாட்டத்தைத்தான். கணினிக்கும் எங்களுக்கும் முதலில் பழக வேண்டியதும் அதுதான்.